ஓஹெகா: அந்த நடுப்பக்கத்தை ஏன் தாண்டிப் போறோம்?

ஓட்டோ ஹெர்மன் கான். பேரைப் பார்த்து ஏதோ பாலிவுட் ஹீரோன்னு நினைச்சுடாதீங்க :-) 1867ல் ஜெர்மனியில் பிறந்து, நியூயார்க்கில் கூன் லோப் என்ற முதலீட்டு வங்கியின் பங்குதாரரானவர். ரயில் கம்பெனிகளுக்கு கோடிக்கணக்கில் பணம் புரட்டிக் கொடுத்த ஆசாமி.

இவர் நியூயார்க் பக்கத்தில் லாங் ஐலண்டில் கட்டிய பண்ணை மாளிகைக்கு வைத்த பெயர் ஓஹெகா. தன் பெயரின் மூன்று பகுதிகளிலும் முதல் எழுத்தை எடுத்து ஒட்டிட்டார். நாம வேரியபிளுக்கு பேர் வைக்கிற லட்சணத்துக்கு இது எவ்வளவோ மேல்!

443 ஏக்கர், 127 அறைகள். 1914ல் ஆரம்பித்து 1919ல் முடிந்தது. உயரம் வேணும்னு மண்ணைக் கொட்டி ஒரு குன்றையே உண்டாக்கி, அதன் மேல் கட்டினாங்க. நியூஜெர்சியில் இருந்த பழைய வீடு தீக்கு இரையானதால், இந்த முறை இரும்பும் கான்கிரீட்டும். புரொடக்‌ஷன்ல ஒருமுறை அடி வாங்கினவன் அடுத்த தடவை எழுதுற கோட் மாதிரி.

1934ல் கான் இறந்துபோனார். ஆக, அவர் அதை அனுபவித்தது வெறும் 15 வருஷம்.

இந்த வீட்டைப் பத்தி எழுதுறவங்க பெரும்பாலும் இங்கிருந்து ஒரே தாவு. கானின் பார்ட்டிகள், 'சிட்டிசன் கேன்' படத்தில் வந்தது, 1984ல் கேரி மெலியஸ் வாங்கிப் புதுப்பித்தது, இப்போ ஹோட்டல், கல்யாண மண்டபம், 2014ல் டெய்லர் ஸ்விஃப்டின் பாட்டு. முடிஞ்சது கதை.

எனக்கு முக்கியமாப் படறது நடுவில் உள்ள பக்கம்தான். 1939ல் இந்த மாளிகை நியூயார்க் நகரத் துப்புரவுத் தொழிலாளர்களின் ஓய்வு இல்லமானது. பேரு 'சானிடா'. ஊர்க் குப்பையை அள்ளினவங்க குடும்பத்தோட வந்து அந்தத் தோட்டத்தில் காத்து வாங்கினாங்க. ரொம்ப நாள் நீடிக்கலை. பிறகு 1948லிருந்து சுமார் 30 வருஷம் ராணுவப் பயிற்சிப் பள்ளி. அதுவும் மூடினதும் கட்டடம் பாழடைஞ்சு, விஷமிகள் உள்ளே புகுந்து தீ வெச்சாங்க. ஒருமுறை இல்ல, பலமுறை. கான்கிரீட் புண்ணியத்தில் வீடு தப்பிச்சது.

"கொஞ்ச நாள் தங்கினவங்களுக்கு இவ்வளவு பில்டப்பா?"ன்னு கேட்பீங்க. கான் மட்டும் என்ன நூறு வருஷமா இருந்தார்? பள்ளிக்கூடப் பசங்க இருந்த காலத்தில் பாதிதான் அவர் இருந்தது. பணம் போட்டவர் பேர் சுவத்தில் இருக்கட்டும், தப்பில்ல. ஆனா ஒரு வீட்டோட சரித்திரம்னா அங்கே வாழ்ந்த எல்லாரோட கணக்கும் அதில் வரணும். குப்பை அள்ளினவர் பிள்ளை அந்தப் படியில் ஏறி விளையாடின நாளை விட்டுட்டு எழுதினா, அது சரித்திரம் இல்ல, விளம்பர நோட்டீஸ்.

நீங்க என்ன சொல்றீங்க மக்களே?