கேட்கக் கூசும் நாவே!

"இலவசம்!" இச்சொல்லை உச்சரிக்கும்போது சிலரது உதட்டோரத்தில் நெளிகிறதே ஓர் ஏளன நகைப்பு, கண்டிருக்கிறீர்களா தோழர்களே? ஏழை வீட்டுப் பெண் கல்லூரி செல்லத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் தந்தால், நாடு கெட்டது, மக்கள் சோம்பேறிகளாயினர் என்று ஒப்பாரி! 2019 செப்டம்பரில், வேறு விலக்குகளைக் கோராத நிறுவனங்களுக்கு வருமான வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாக இறக்கப்பட்டது. அதற்குப் பெயர் ஊக்கம்! மாளிகைக்குப் போனால் ஊக்கம், மண்குடிசைக்கு வந்தால் இலவசம். என்னே இவர்தம் அகராதி! செருப்புக்கும் சோப்புக்கும் வரி கட்டுகிறானே குடிசைவாசி, அந்தப் பணம் எந்தக் கணக்கில் சேர்ந்ததாம்?

ஏளனம் செய்வோர் இருக்கட்டும். என்னை வாட்டுவது, அந்த ஏளனத்தை உண்மையென்றே நம்பிவிட்ட நம்மவரின் கூச்சம்.

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவள். 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கப்பெற்ற புதுமைப்பெண் திட்டத்தின்படி அவளுக்குத் தொகை வந்திருக்க வேண்டும். கல்லூரியில் சேர்ந்து ஆறு திங்கள் ஆகியும் ஒரு காசு வரவில்லை. தந்தை கல்லுடைப்பவர். "கொடுத்தா வாங்கிக்கலாம் சார். நாமளா போய்க் கேட்டா மரியாதையா இருக்குமா?" என்றார். தேர்வுக் கட்டணத்துக்காக வட்டிக்குக் கடன் வாங்கத் துணிந்த மனிதருக்குத் தமக்குரியதைக் கேட்கத் துணிவில்லை! படிப்பை நிறுத்தி மணம் முடித்துவிடலாமா என்ற பேச்சும் வீட்டில் எழுந்துவிட்டது.

அவரை அழைத்துக்கொண்டு அலுவலகம் சென்றேன். "மேலிருந்து வரவில்லை" என்றார் எழுத்தர். மூன்று முறை சென்றோம், மூன்று முறையும் அதே மந்திரம். "காரணத்தை எழுத்தில் தாருங்கள்" என்றேன். அதன்பிறகே ஏடு புரட்டப்பட்டது. வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்கப்படவில்லையாம்! ஒரே ஒரு படிவம். அதைச் சொல்ல வாய் திறக்காமையால் ஆறு திங்கள் பாழ்.

எழுத்தில் கேளுங்கள் தோழர்களே. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பத்து ரூபாய்க் கட்டணத்தில், முப்பது நாளில் விடை பெற வழி வகுத்தது. 2023-இல் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டோர் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய முப்பது நாள் தரப்பட்டது. நம் தெருவில் எத்தனை பேர் செய்தார்கள்? தலைவிதி என்று குறுஞ்செய்தியை அழித்துவிட்டவர்களே மிகுதி. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைக் கல்லூரி வாயிலில் நின்றுகொண்டா தேடுவது? பள்ளி முடியுமுன்னரே பெறுக. இடைத்தரகன் தின்பது நம் தாமதத்தைத்தான்.

தகுதியற்றோரும் சிலர் வாங்குகிறார்களே எனலாம். வாங்குகிறார்கள், ஏனெனில் அவர்களுக்குக் கேட்கத் தெரிகிறது!

சென்ற திங்கள் அந்தத் தந்தை என்னைத் தேடி வந்தார். இளைய மகளின் வருமானச் சான்று கிடப்பில் கிடக்கிறதாம். "காரணத்தை எழுத்துல கேக்கணும் சார், எப்படி எழுதுறது?" என்றார். தாளையும் எழுதுகோலையும் அவரிடமே நீட்டினேன்.