'செயற்கைச் சூரியன்': 5 செம்புச் சுருள்கள் எதற்கு?

சூரியனுக்குள் நடக்கும் அணுக்கரு இணைவைப் பூமியில் நடத்தணும்னா, பிளாஸ்மாவைப் பல மில்லியன் டிகிரிக்குச் சூடாக்கணும். அதை எந்தப் பாத்திரத்தில் வைப்பீங்க?

காந்தப்புலத்தில்தான்!

ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் நகரில் உள்ள வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ் ஆய்வுக் கருவி 2015இல் செயல்படத் தொடங்கியது. வளைய வடிவிலான அந்தக் கருவியில் 70 மீக்கடத்திக் காந்தச் சுருள்கள் உள்ளன.

சிக்கல் என்ன?

வளையத்தின் 5 பகுதிகளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். சுருள்கள் சில மில்லிமீட்டர் விலகினாலே காந்தப்புலம் பிசகும். மின்சாரம் பாயும்போது காந்த விசையால் சுருள்களே கொஞ்சம் வளையும்!

அப்போ என்ன ஆகும்? பிளாஸ்மாவிலிருந்து வரும் வெப்பத்தை வாங்கும் தட்டுகளில் சில மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகலாம், சேதமடையலாம்.

எப்படிச் சமாளிப்பது?

கருவியின் வெளிப்புறத்தில் 5 செம்புச் சுருள்கள் இருக்கு. அமெரிக்கா செய்து கொடுத்தவை. ஒவ்வொன்றிலும் மின்சாரத்தைத் தனித்தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம். பெரிய சுருள்களைத் தொடாமலேயே பிழையை ஈடுகட்டலாம்.

கருவியின் காந்தப்புலப் பிழை 100,000இல் 1 பங்குக்கும் குறைவு என்று 2016இல் வெளியான ஆய்வு கூறியது. அந்தத் துல்லியம் இருந்தும் இந்தச் சுருள்கள் தேவைப்படுகின்றன.

தொடர்ந்து 30 நிமிடம் பிளாஸ்மாவைத் தாங்குவது கருவியின் இலக்கு. அதுவரை தட்டுகள் தாக்குப்பிடிக்கணுமே!