விலை பேசுவார் பலர், விளைவிப்பார் யார்?

கோடை பிறந்துவிட்டால் கால்பந்துச் சுவைஞரின் நாவுக்கு ஓய்வில்லை. ஆட்டங்கள் முடிந்து திடல்கள் வறண்டு கிடக்கும் அந்நாள்களிலேதான் சொல்லாட்டம் சூடேறுகின்றது. எவர் எந்த அணிக்குப் பெயர்கின்றார், எவருடைய ஒப்பந்தம் முடிகின்றது, எவருக்கு எத்தனைக் கோடி என்னும் அலர் நாளுக்கொன்றாய் எழுந்து நாளுக்கொன்றாய் மடிகின்றது. இப்பேச்சு பெருநகர்க்கே உரியதன்று. மேற்குத்தொடர் மலையடியில், சிவகிரிக்கும் புளியங்குடிக்கும் இடையில் அமைந்த வாசுதேவநல்லூர் போன்ற ஊர்களின் தேநீர்க் கடைகளும் இதற்கு விலக்கல்ல. மலைக்கு அப்பால் கேரளம். அங்கு எழும் கால்பந்து ஆரவாரம் இப்பக்கத்து இளைஞர் செவிகளையும் எட்டாமல் இராது.

இச்சொற்போரில் இரு கட்சிகள் உண்டு. “வெற்றி வேண்டுமாயின் முதிர்ந்த அயல்நாட்டாரை வாங்குக” என்பது ஒரு கட்சி. “நம் இளையோரை ஆடவிடுக, ஆடாமல் எவன் ஆட்டக்காரன் ஆவான்?” என்பது மறுகட்சி. இரண்டிலும் பொருள் உண்டு. ஆயினும், இரு கட்சியாரும் வினவ மறந்த வினா ஒன்று உண்டு. அவ்விளையோன் எங்கு விளைந்தான்? அவனை விளைவித்தவர்க்கு என்ன கிடைத்தது?

முதற் பூசலுக்கு ஆட்ட விதிகளே ஓரளவு விடை கூறிவிட்டன. 2014இல் இந்தியன் சூப்பர் லீக்கு தொடங்கியபோது, களத்தில் நிற்கும் பதினொருவருள் அறுவர் அயல்நாட்டாராய் இருக்கலாம். 2017இல் அது ஐவராயிற்று, 2021இல் நால்வராயிற்று. அஃதாவது, ஓர் அணியில் இந்நாட்டார்க்கு உறுதியான இடம் ஐந்திலிருந்து ஏழாக உயர்ந்தது. கதவு திறந்தது. ஆனால், திறந்த கதவின் வழியே நுழைதற்குரியோன் பதினெட்டு அகவையில் வானத்தினின்று குதிப்பதில்லை. பத்து, பன்னிரண்டு அகவையிலேயே எங்கோ ஒரு புழுதித் திடலில் எவரோ ஒருவர் அவனுக்குப் பந்தைக் காலில் நிறுத்தக் கற்பித்திருத்தல் வேண்டும்.

தமிழ்நாட்டுச் சான்றுகளையே பார்க்க. மைக்கேல் சூசைராசு குமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறை என்னும் கடற்கரைச் சிற்றூரினர். சென்னை சிட்டி அணியில் ஆடி, 2018இல் சாம்செட்பூருக்கும் 2019இல் கொல்கத்தாவுக்கும் பெயர்ந்தார். சிவசக்தி நாராயணன் காரைக்குடியை அடுத்த கண்டனூரினர். பெங்களூரு அணிக்காக ஆடி 2022-23ஆம் தொடரின் வளரும் ஆட்டக்காரர் என்னும் பரிசைப் பெற்றார். சென்னையின் நந்தகுமார் சேகர் தில்லி, ஒடிசா அணிகளைக் கடந்து 2023இல் ஈசுட்டு பெங்கால் அணியை அடைந்தார்; அவ்வாண்டு ஆகத்து 12இல் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒற்றைக் கோல், அவ்வணி நான்காண்டுக்கு மேலாகக் காணாத வெற்றியை ஈட்டித் தந்தது. கொல்கத்தா முழுதும் அவர் பெயரைச் சொல்லிற்று. அவருக்கு முதற்பந்து கொடுத்தவர் பெயரைச் சொன்னார் எத்தனை பேர்?

இது புதிய மறதியன்று. 1960ஆம் ஆண்டு உரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோல், தமிழராகிய சைமன் சுந்தரராசு அடித்தது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் இறுதிக் கோலும் அதுவே. அதன்பின் இந்தியா அப்போட்டிக்குத் தகுதி பெறவேயில்லை. அத்தகையாரின் பெயரையே மறந்த நாட்டில், அவரைப் போன்றாரை உருவாக்கிய திடல்களை நினைப்பார் யார்?

உலகக் கால்பந்துக் கூட்டமைப்பாகிய பீஃபா இம்மறதிக்கு ஒரு மருந்து வகுத்துள்ளது. ஒப்பந்தம் முடியுமுன் ஓர் ஆட்டக்காரர் நாடு விட்டு நாடு விலைக்குப் பெயர்ந்தால், அவ்விலையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அவர் 12ஆம் அகவை தொட்டு 23ஆம் அகவை வரை பயின்ற கழகங்களுக்கு உரியது. விலை 1 கோடி உருபாவாயின் பங்கு 5,00,000 உருபா. 12 முதல் 15 அகவை வரை பயிற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 25,000 உருபா. 16 முதல் 23 வரை ஒவ்வோர் ஆண்டுக்கும் 50,000 உருபா. உள்நாட்டுப் பெயர்வுகளில், இளையோரைப் பயிற்றும் கழகங்கள் பயன்பெறுமாறு அந்தந்த நாட்டுக் கூட்டமைப்பே வழி செய்தல் வேண்டும் என்பதும் நெறி.

25,000 உருபா கோடிகளைப் பேசுவார்க்குச் சிறுதொகை. வாசுதேவநல்லூரில் பையன்களைத் திரட்டி மாலைதோறும் பந்துதைக்க வைக்கும் ஒருவர்க்கோ, அது பல பந்துகள்; பல இணைக் காலணிகள்; வெளியூர்ப் போட்டிக்குச் செல்லும் வண்டிக் கூலி.

ஆனால் ஒன்று நோக்குக. இப்பங்கு கூட்டமைப்பில் இணைந்த கழகத்துக்கே உண்டு. பதிவில் பெயர் உள்ள ஆண்டுக்கே உண்டு. சிற்றூர் அணிக்குச் சட்டப்படி பெயரில்லை. அதில் ஆடிய சிறுவனுக்குப் பதிவில்லை. பதினாறு அகவையில் அவன் ஒரு பெருங்கழகத்துள் புகும்போது, அவன் வாழ்க்கையே அன்றுதான் தொடங்கியதுபோல் ஏடு எழுதப்படுகின்றது. முன்னைய நான்காண்டு உழைப்பும் எழுதாத எழுத்தாய் மறைகின்றது. இதில் வஞ்சித்தவர் எவருமிலர். எழுதி வையாமையே இழப்பாயிற்று.

“இவ்வாறு பங்கு கேட்பது இளையோன் காலில் விலங்கு பூட்டுவதாகாதா?” என்று வினவுவார் உளர். வினா முறையானதே. ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஆட்டக்காரரைப் பணத்துக்காகத் தடுத்து வைத்தல் தகாது என்று 1995இல் பெல்சியத்தின் போசுமான் வழக்கில் ஐரோப்பிய மன்றம் தீர்த்தது. அத்தீர்ப்பு அறத்தின்பாற்பட்டது. ஆயின் பயிற்றியோர் பங்கு ஆட்டக்காரர் ஊதியத்தில் கைவைப்பதன்று. வாங்கும் கழகம் கொடுக்கும் விலையினின்று பிரிக்கப்படுவது. அவ்வரம்பு காக்கப்படும்வரை அது விலங்காகாது. எந்தக் கழகமாவது சிறுவனின் சான்றைப் பிடித்துவைத்துப் பெற்றோரிடம் பணம் கேட்குமாயின், அதனைக் கண்டித்தலும் சுவைஞர் கடனே.

வெறும் அலரை நம்பி வாழ்வோர்க்கு 2025ஆம் ஆண்டுக் கோடை ஒரு பாடம் புகட்டிற்று. கூட்டமைப்புக்கும் வணிக நிறுவனத்துக்கும் 2010இல் ஏற்பட்ட பதினைந்தாண்டு ஒப்பந்தம் முடியவிருந்த நிலையில், சூலைத் திங்களில் அப்பருவத் தொடரே நிறுத்தி வைக்கப்பட்டது. பெங்களூரு அணி ஊதியத்தை நிறுத்திற்று. சென்னை அணியும் தன் பணிகளை இடைநிறுத்திற்று. யார் எங்குப் பெயர்வார் என்று சுவைஞர் வழக்காடிக்கொண்டிருக்க, பெயர்தற்குரிய தொடரே கேள்விக்குறியாய் நின்றது! 2026 பிப்பிரவரியிலேதான் அது தொடங்கிற்று. 2019இல் ஐ-லீக்கு வாகை சூடிய சென்னை சிட்டி அணியோ 2021-22ஆம் தொடரில் இடம்பெறவேயில்லை. மேலே கட்டிய மாடம் ஒரே காற்றில் ஆடுகின்றது. அடியில் வேர் பிடித்த ஊர்த்திடல் ஒன்றே எக்காற்றுக்கும் நிற்கவல்லது.

பெண்மக்களை மறத்தலும் கூடாது. தமிழ்நாட்டு மகளிர் அணி 2018இலும் 2023இலும் இந்திய மாநிலங்களுக்கிடையிலான கோப்பையை வென்றது. மதுரையின் சேது அணி 2019இல் இந்திய மகளிர் தொடரில் வாகை சூடிற்று. அவர்களுள் எவர் எந்த அணிக்குப் பெயர்ந்தார் என்று தேநீர்க் கடையில் வழக்கு நடந்ததுண்டா? கோடி புரளாத இடத்தில் பேச்சும் புரளாது போலும்! ஆண்பிள்ளைகளுக்கு வேண்டும் பதிவும் பயிற்சியும் பெண்பிள்ளைகளுக்கும் அவ்வளவே வேண்டும்.

ஆகவே செய்யத்தக்கது யாது? வாசுதேவநல்லூர்ச் சுவைஞர், பேச்சில் செலவிடும் மாலைகளுள் ஒரு மாலையை ஊரணிக்கு ஈக. அணியைத் தமிழ்நாட்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிக. மாவட்டக் கால்பந்துக் கழகத்தில் இணைக்க. ஆடும் ஒவ்வொரு சிறுவன், சிறுமியின் பெயரையும் பிறந்தநாளையும் ஆண்டுதோறும் அனைத்திந்தியக் கூட்டமைப்பின் மையப் பதிவில் ஏற்றுக. பந்துக்குப் போகும் பிள்ளை பள்ளிக்கும் போகின்றானா என்று பார்க்க. 2020 நவம்பரில், பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டுச் சூசைராசு அப்பருவம் முழுதும் வீழ்ந்து கிடந்தார். தேர்ந்த ஆட்டக்காரர்க்கே அந்நிலை எனின், கால் ஒன்றையே முதலாகக் கொண்ட சிறுவனுக்குக் கல்வியன்றி வேறு காப்பு ஏது?

அலர் பேசுதல் குற்றமன்று; அது சுவைஞர்க்கு இன்பம், ஆட்டத்துக்கு விளம்பரம். ஆனால் சந்தையில் நின்று விலை மட்டும் பேசுவோன் உழவனாகான். அடுத்த கோடையில் எவன் எத்தனைக் கோடிக்குப் பெயர்வான் என்பதை எவரும் அறியார். பத்தாண்டு கழித்துப் பெயரப்போகின்றவன் இன்று வாசுதேவநல்லூர்த் தெருவில் வெறுங்காலோடு பந்துதைத்துக் கொண்டிருக்கக்கூடும். அவன் பெயரை இன்றே எழுதி வைக்க!