அலமாரி இல்லாத பாரம்பரியம்

ஈப்போவில் ஒரு காப்பிக்கடைக்கு நண்பர்கள் அழைத்துப் போனார்கள். பழைய கடைவீட்டைப் புதுப்பித்துச் செய்த இடம். சுவர் முழுக்க இசைத்தட்டுகள். நான் உட்கார்ந்த நாற்காலிக்கு நேர் மேலே இருந்தது ஒரு தமிழ்த்தட்டு. கதை வசனத் தட்டு. அதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஒன்று ஆலை போட்டது, இன்னொன்று ஆணி போட்டது. “செம்ம நொஸ்தால்ஜியாலா” என்று நண்பர் ஒருத்தர் படம் எடுத்தார். எனக்குக் காப்பி இறங்கவில்லை.

கடைக்காரர்மீது எனக்குக் கோபமில்லை. அவர் அதைக் காசு கொடுத்து வாங்கியிருப்பார். அவருக்கு அது சுவர்ச் சாமான். விற்றவர் யார், விற்கிற நிலைக்கு அது எப்படி வந்தது என்பதுதான் என் கேள்வி. பதில் எனக்குத் தெரியும். ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

என் தாத்தா காலையில் பால்மரம் வெட்டினார். திருநாள் பெருநாள் என்றால் பாட்டு செட் போட்டார். ஓர் ஆம்ப்ளிபையர், கார் பேட்டரி, இரண்டு கூம்பு ஸ்பீக்கர், ஒரு பிளேயர், 340 பிளேட்டு. சுங்கைப்பட்டாணி, பீடோங் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா, கருமாதி எதுவானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். அவர் இசை ரசிகர் என்று சொல்ல முடியாது. சேகரிப்பாளர் என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. தச்சருக்கு உளி எப்படியோ அவருக்குப் பிளேட்டு அப்படி. ஒவ்வொரு லேபிளின் ஓரத்திலும் வெள்ளைப் பெயிண்டில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணுக்கான கணக்கு ஒரு பள்ளிக்கூட நோட்டில்: எந்தத் தோட்டம், என்ன விசேஷம், எந்த நேரத்தில் எந்தத் தட்டு, கூலி எவ்வளவு, யார் கேட்ட பாட்டு.

தட்டுகளை அவர் வைத்திருந்தது பெட்டிப் பலகையில் தானே அடித்த ஒரு பெட்டியில். உள்ளே தடுப்புகள் உண்டு. தட்டுகள் நிமிர்ந்து நிற்கும். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட மனிதருக்கு, தட்டைப் படுக்கப்போட்டு அடுக்கக்கூடாது என்று தெரிந்திருந்தது. அவருக்குப் பின்னால் பட்டம் வாங்கிய எங்கள் யாருக்கும் அது தெரியவில்லை.

கேசட் வந்தது. தோட்டம் காலியானது. பெட்டியைக் கரையான் தின்றது. தட்டுகள் துணி அலமாரிமேல் படுத்த வாக்கில் போயின. அதற்கு மேலே தகரக்கூரை. தாத்தா செத்த மறு வருசம் ஓர் இயக்கத்தார் வந்தார்கள். ‘பாரம்பரிய மூலை’ அமைக்கப் போவதாகச் சொல்லி 128 தட்டுகளை எடுத்துப்போனார்கள். பெரியப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். படம் எடுத்தார்கள். மூன்று வருசம் கழித்து நான் அங்கே போய்ப் பார்த்தேன். மூலை இருந்தது. அதில் ஆட்டுக்கல், உரல், ஒரு மாட்டுவண்டிச் சக்கரம். தட்டுகள் பின்னால் இருந்த சாமான் அறையில், பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கும் பழைய பதாகைகளுக்கும் அடியில், படுத்த வாக்கில் கிடந்தன. மேலே இருந்த நாலைந்தை எடுத்துப் பார்த்தேன். பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தன. “பட்டியல் இருக்கா?” என்று கேட்டேன். “அதெல்லாம் யாரும்மா எழுதுவா?” என்றார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். அலமாரி இல்லாத பாரம்பரியம் வெறும் பேச்சு. நம் சமூகத்தில் பண்பாட்டுக்கு மேடை இருக்கிறது, மாலை இருக்கிறது, பொன்னாடைக்கு ஒதுக்கீடு இருக்கிறது. ஒரு பொருளை அது கெடாத மாதிரி நிறுத்தி வைக்க 34 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு தட்டுப்பலகை இல்லை. காப்பது உணர்ச்சி சார்ந்த விசயம் என்று நினைக்கிறோம். காப்பது அளவு சார்ந்த விசயம்.

அளவிலிருந்தே தொடங்குகிறேன். மீதி 212 தட்டுகளுக்கு நானே அலமாரி செய்தேன். தச்சு வேலை எனக்குத் தெரியாது. தெரியாதவர் செய்யலாம் என்பதற்காகவே விவரமாகச் சொல்கிறேன்.

ஒரு எல்பி தட்டின் குறுக்களவு 12 அங்குலம், ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். உறையோடு சேர்த்தால் 31, 32. அதனால் ஒவ்வோர் அறையும் உள்ளளவில் 34 அகலம், 34 உயரம், 33 ஆழம் என்று வைத்தேன். நாலுக்கு எட்டு அடியில் 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்று போதும். மூன்று அறை அகலம், இரண்டு அறை உயரம், மொத்தம் ஆறு அறை. ஹார்ட்வேர் கடையில் அளவு எழுதிக் கொடுத்தால் தவுக்கே வெட்டிக் கொடுப்பார். பலகை, திருகாணி, வார்னிஷ் எல்லாம் சேர்த்து எனக்கு 260 ரிங்கிட் ஆனது. ஒரு பொன்னாடை விழாவின் சாப்பாட்டுச் செலவில் இப்படி எத்தனை செய்யலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அறை ஏன் சிறிதாக இருக்கவேண்டும்? எல்பி ஒன்று உறையோடு கால் கிலோ வரும். ஓர் அறையில் எழுபது நின்றால் 17 கிலோ. தடுப்பில்லாத ஒரு மீட்டர்ப் பலகையில் அடுக்கினால் ஐம்பது கிலோ தாண்டும், பலகை தொய்யும், தட்டுகள் சாயும். சாய்ந்து நிற்கும் தட்டு மெல்ல வளையும். படுத்துக் கிடக்கும் தட்டோ மேலுள்ள பாரத்தையெல்லாம் சுமக்கும். நேராக நிற்கணும், இறுக்கமாகவும் இருக்கக்கூடாது, ஒரு விரல் நுழையணும்.

இனி நம் ஊர் வெயிலும் ஈரமும். குளிர்நாட்டு நூலகங்கள் 20 பாகை வெப்பம், 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் என்று சொல்லும். நம் ஊர்க் காற்றில் ஈரம் சாதாரணமாகவே 80 விழுக்காட்டைத் தொடும். வீட்டில் குளிர்சாதனம் ஓட்ட எல்லாராலும் முடியாது. முடிந்ததைச் செய்யலாம். வெயில் விழும் சுவரை விட்டுவிடணும். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே நாலு விரல் இடம் விட்டால் காற்று ஓடும். தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தினால் வெள்ளத்துக்கும் கரையானுக்கும் கொஞ்சம் தள்ளி நிற்கும். பூசணம் முதலில் பிடிப்பது அட்டை உறையைத்தான். அதனால் மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துப் பார்க்கணும். பழைய 78 வேகத் தட்டு இருந்தால் அதை மட்டும் தனி அறையில் வையுங்கள். அது அரக்குக் கலவை, விழுந்தால் உடையும். ஆல்கஹால் கலந்த எதையும் அதன்மேல் தடவாதீர்கள், கரைந்துவிடும்.

இவ்வளவுதான். இரண்டு சனிக்கிழமை வேலை. இதை எழுதுவதற்குக்கூட எனக்குத் தகுதி உண்டா என்று ஒரு தயக்கம் இருக்கிறது. ஏனென்றால் அலமாரி முடிந்ததும் நான் செய்த முதல் காரியம், தட்டுகளை உறையின் நிறப்படி அடுக்கியது. சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடிந்தது. பார்க்க அழகாக இருந்தது. படம் எடுத்துப் போட்டேன். நிறைய பேர் இதயம் போட்டார்கள். பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, “அப்பா நம்பர் போட்டிருப்பாரே, பாக்கலயாம்மா?” என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

எண்படி திரும்ப அடுக்க ஒரு முழுநாள் ஆனது. பாதியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. 1 முதல் 40 வரை கோயிலுக்கு. விநாயகரில் தொடங்கி, தேர் புறப்படும்போது எது, தேர் நிலைக்கு வரும்போது எது என்று வரிசை. அடுத்து கல்யாணத்துக்கு. 200க்கு மேல் துக்க வீட்டுக்கு. கதை வசனத் தட்டுகளைப் பக்திப் பாட்டுகளுக்கு நடுவில் வைத்திருந்தார். நான் முதலில் இடம் மாறிவிட்டது என்று நினைத்தேன். நோட்டில் பார்த்தால், ‘சிவராத்திரி, 2 மணிக்கு மேல்’ என்று எழுதியிருந்தார். விடிய விடிய ஜனம் தூங்காமல் இருக்க வசனம் போட்டிருக்கிறார். தேவாரம் போட்டால் தூங்கிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

ஆவணக் காப்பகத்தில் வேலை செய்பவர்கள் மூல ஒழுங்கு என்பார்கள். ஒருவர் எந்த வரிசையில் வைத்திருந்தாரோ அந்த வரிசையே ஒரு சான்று, அதைக் கலைக்கக்கூடாது என்பது அவர்களின் பாலபாடம். நான் கலைத்தேன். எண் எழுதியிருந்ததால் தப்பித்தேன். காப்பிக்கடைச் சுவரில் ஆணியடித்தவரும் நானும் அந்த ஒரு வாரம் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருகிறேன். வழக்கமாக மூன்று வரும்.

முதலாவது, “எல்லாம் யூடியூப்ல இருக்கேலா.” பாட்டு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பெரும்பாலும் இந்தத் தட்டுகளைவிடத் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் சிவராத்திரி 2 மணி அங்கே இல்லை. எந்தத் தோட்டத்தில் எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்பது இல்லை. அந்த நோட்டில் இருக்கும் தோட்டங்களில் சில இன்று தாமான்கள். பெயர்ப்பலகைகூட மிஞ்சவில்லை. தமிழ்ச் சினிமாப் பாட்டின் வரலாறு சென்னையில் பத்திரமாக இருக்கும். அது இங்கே எப்படிக் கேட்கப்பட்டது என்ற வரலாறு நம் வீட்டு அலமாரிமேல் மட்டுமே இருக்கிறது.

இரண்டாவது, “இதெல்லாம் அரசாங்கம் செய்யணும்.” செய்யணும்தான். மலேசியாவில் வெளியாகும் பொருள்களைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கச் சொல்லும் சட்டம் 1986இல் வந்தது. அது நூலோடு நிற்காமல் ஒலிப்பதிவுக்கும் பொருந்தும். ஆனால் அதற்குள் கேசட் காலம் வந்துவிட்டது. அதோடு தாத்தாவின் தட்டுகளில் பெரும்பாலானவை கல்கத்தாவின் டம்டம் ஆலையில் அழுத்தப்பட்டு இங்கே வந்தவை. இங்கே வெளியிடப்படாத பொருளுக்கு அந்தச் சட்டம் பொறுப்பேற்காது. ஒரு தோட்டத் தொழிலாளி போட்ட வெள்ளைப் பெயிண்ட் எண்ணுக்கு எந்த நாட்டிலும் சட்டம் கிடையாது.

மூன்றாவது, “தனி ஆள் செஞ்சு என்ன ஆகப்போவுது?” சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. தமிழ் ஆய்வு செய்யும் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. அது 1994இல் நிறுவப்பட்டது. அதன் மூலதனம் என்ன? செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த, விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ஒரு மனிதர் தன் வீட்டில் சேர்த்து, அடுக்கி, பாதுகாத்த நூல்களும் தாள்களும். அவர் 1992இல் இறந்தபோது அந்தச் சேகரிப்பு வாங்கக்கூடிய நிலையில் இருந்ததால்தான் சிக்காகோ பல்கலைக்கழகத்தால் வாங்க முடிந்தது. ஒருவர் வீட்டில் வைக்கும்போதே ஒழுங்காக வைத்திருந்தார். நூலகம் அதற்குப் பிறகுதான் வந்தது.

“வீட்டுல இடமில்ல” என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். என் அலமாரியின் அகலம் 109 சென்டிமீட்டர். ஒரு பெரிய தொலைக்காட்சி பிடிக்கும் இடத்தைவிடக் குறைவு. இடம் இருக்கிறது. எதற்கு இடம் என்பதைத்தான் நாம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டோம்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் எழுதுகிறவர்கள். தோட்ட வாழ்க்கையைக் கதையாகவும் கவிதையாகவும் எழுதுகிறோம். ‘இழந்த மண்’, ‘மறைந்த குரல்’ என்று நூறு தடவை எழுதிவிட்டோம். குரல் மறையவில்லை. துணி அலமாரிமேல், நாற்காலிக்கு அடியில் படுத்துக் கிடக்கிறது. புலம்பலை ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டு அதை நிமிர்த்தி வைக்கலாம். தட்டாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. பாட்டியின் கேசட், தோட்டத்துக் கோயில் வரவுசெலவு நோட்டு, தொழிற்சங்க ரசீது எதுவானாலும் சரி. எண்ணுங்கள். எண் போடுங்கள். ஏற்கெனவே எண் இருந்தால் கைவைக்காதீர்கள். யாருடையது, எங்கிருந்து வந்தது என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். படம் எடுத்துப் போடுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

தாத்தாவின் நோட்டில் 340 எண்கள் இருக்கின்றன. என்னிடம் இருப்பது 212. மீதிக்கு எண்வாரியாகப் பட்டியல் எடுத்து அந்த இயக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், நெளிந்தவையானாலும் திருப்பித் தரச்சொல்லி. இரண்டு தடவை எழுதியாகிவிட்டது. பதில் இல்லை. அடுத்த மாதம் அவர்களுக்கு ஆண்டுவிழா, பாரம்பரியம் பற்றி உரையரங்கமும் உண்டாம். பட்டியலை அச்சடித்து எடுத்துக்கொண்டு போகிறேன். ஆறாவது அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.