கதவிலக்கம் இல்லாத மனிதர்கள்

வீட்டை விற்றுவிட்டு, படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் பொருத்திய மோட்டார் வண்டியில் ஏறி ஊர் ஊராகப் போய்க்கொண்டே வாழ்வது அமெரிக்காவில் பலருக்கு வாழ்க்கை முறையாகிவிட்டது. அந்த ஆசை நம் பக்கமும் வந்தாயிற்று. கேரள அரசு 2021இல் ‘கேரவன்’ சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. இப்படிப் புறப்படுகிறவர்களைப் பற்றிப் பேசும்போது நம்மவர்களின் கண்கள் மின்னுகின்றன. “ஆகா, என்ன சுதந்திரம்! என்ன துணிச்சல்!” என்கிறார்கள்.

நல்லது. மதுரையைச் சுற்றியுள்ள வயல்வெளிகளில் காலங்காலமாக இதே வாழ்க்கையை வாழ்கிறவர்களைப் பார்த்து இந்தக் கண்கள் ஏன் மின்னுவதில்லை?

கீதாரிகளைச் சொல்கிறேன். செம்மறி மந்தையோடு வருஷத்தின் பெரும்பகுதியை வெட்டவெளியில் கழிக்கிறவர்கள். இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையின் மானாவாரி நிலங்களிலிருந்து புறப்பட்டு, பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்து வயல்களுக்கும், அதற்கப்பால் தஞ்சைக்கும் போகிறார்கள். அறுவடை முடிந்த வயல்களில் பகலெல்லாம் ஆடு மேயும். இரவில் ஒரு வயலில் கிடை போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். மாட்டெரு மறுவருஷம், ஆட்டெரு அவ்வருஷம் என்று குடியானவர் சும்மாவா சொன்னார்கள்? நம் இலையில் விழும் சோற்றில் அந்தக் கிடைக்கும் பங்கு உண்டு.

அவர்களுடைய வீடு எது? ஒரு தார்ப்பாய், நாலு பாத்திரம், ஒரு தொரட்டி, குட்டிகளைக் கவிழ்த்து மூட ஒரு கூடு. நள்ளிரவில் மழை பிடித்துக்கொண்டால் அந்தத் தார்ப்பாய் முதலில் ஈன்ற குட்டிக்கு, மிச்சமிருந்தால் மனிதருக்கு. எந்தக் கிணற்றடியில் குடிக்கத் தண்ணீர் விடுவார்கள், எந்த வயலில் நேற்று மருந்து அடித்தார்கள் என்பதெல்லாம் தவறினால் மந்தை போய்விடும் பாடங்கள். வண்டி வாழ்க்கையின் அனுபவங்களை வாய்பிளந்து கேட்கிற நாம் இவர்களிடம் ஒன்றும் கேட்பதில்லை.

காரணம் ஒன்றுதான். வசதியிருந்தும் வீட்டைத் துறந்து போகிறவன் நமக்குச் சுதந்திர புருஷன். பிழைப்புக்காக வெளியே கிடக்கிறவன் நாடோடி. முன்னவன் சாலையோரம் வண்டியை நிறுத்தினால் வேடிக்கை பார்க்கப் போகிறோம். பின்னவன் ஊரோரம் கிடை போட்டால், அன்றிரவு கோழிக் கூண்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துப் பூட்டுகிறோம். அமெரிக்காவிலுங்கூட, 2008ஆம் வருஷத்துப் பொருளாதாரச் சரிவுக்குப் பின் வீட்டை இழந்து வண்டிக்குள் புகுந்த முதியவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி நம்மவர்கள் பேசிக் கேட்டதுண்டா?

இந்தச் சந்தேகம் பழையது. ஓரிடத்தில் நில்லாதவன் திருடன் என்ற எண்ணமும் சேர்ந்துதான் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டமாயிற்று. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1947இல் இங்கே ஒழிந்தது. சட்டம் போயிற்று. மனோபாவம் போயிற்றா?

“ஓரிடத்தில் குடியிருந்தால் என்ன?” என்று கேட்கும் புத்திசாலிகள் உண்டு. புல் ஓரிடத்தில் இருந்தால் ஆடும் இருக்கும் ஐயா! மழை எங்கே, அறுவடை எங்கே என்று பார்த்து நடப்பதுதான் அந்தத் தொழில். சொந்த ஊரில் பெயருக்கு ஒரு வீடு உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயரும் இருக்கலாம். ஓட்டு நாளில் ஆள் நூறு மைலுக்கு அப்பால் நிற்பார்.

மாட்டுக் கிடையின் கதி இதைவிட வேடிக்கை. 2017 ஜனவரியில் சல்லிக்கட்டுக்காகத் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் திரண்டோம். வாடிவாசலில் பேரெடுத்த புலிக்குளம் காளை, கிடை மாட்டு இனம். கிடைக்காரருக்கு மேய்ச்சல் நிலம் வேண்டும் என்று எத்தனை பேர் திரண்டோம்? இடம்பெயர்ந்து மேய்ப்பவர்களின் உரிமையை 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஏட்டில் இருக்கும் உரிமையை மாடு மேய முடியாது.

இந்த வாழ்க்கையைக் கவிதையாக்க நான் வரவில்லை. கடனுக்காகச் சிறுவர்களை ஆடு மேய்க்க அடகு வைக்கும் கொடுமை இந்தத் தொழிலிலும் உண்டு. கொத்தடிமை முறை 1976இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதன் பிறகும் பிள்ளைகள் மீட்கப்பட்டிருக்கிறார்கள். அதை மன்னிக்க முடியாது. ஆனால் அதற்கு மருந்து பள்ளிக்கூடமும் விடுதியும், மந்தையை விரட்டுவதல்ல.

ஐக்கிய நாடுகள் சபை 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பவர்களுக்குமான ஆண்டாக அறிவித்தது. விழா எடுக்க வேண்டாம். மேய்ச்சல் புறம்போக்கைப் பட்டா போட்டு விழுங்காமல் இருக்கட்டும். பெற்றோர் கிடையோடு போகும் மாதங்களில் அவர்கள் பிள்ளைகளுக்குத் தங்கிப் படிக்க இடம் கிடைக்கட்டும். நாம் செய்ய வேண்டியது இன்னும் எளிது. ஊரோரம் கிடை இறங்கினால் பூட்டைத் தேடாமல் ஒரு குடம் தண்ணீர் கொடுப்போம்.