“நாளைக்கு வருகிறேன்” என்பவரிடம் ரசீது கேட்போம்

கியா பார்மில் சுடுநீர் ஆடம்பரம் இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்தச் சிற்றூரில், விடியுமுன் எழுந்து பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைக்குக் குழாய்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்பது கேமரன் மலையில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். மூடுபனியும் ஈரமும் மனிதர்களை மட்டும் பாதிப்பதில்லை. சலவை இயந்திரத்தின் அடித்தகடு துருப்பிடிக்கிறது. சுவரில் பூஞ்சை படர்கிறது. சுவிட்ச் பெட்டிக்குள்ளும் ஈரம் ஏறுகிறது.

பழுது வந்தால் யார் வருவார்? பிரிஞ்சாங்கிலோ தானா ராத்தாவிலோ ஒருவர் இருப்பார். உபரிப்பாகம் ஈப்போவிலிருந்து வர வேண்டும். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் கியா பார்ம் சந்தைக்கு வரும் வாகனங்களால் சாலை அடைத்துக்கொள்ளும். ஆகவே “நாளைக்கு வருகிறேன்” என்ற பதில் நமக்குப் பழகிப்போய்விட்டது. அந்த நாளையை நம்பி வீட்டில் ஒருவர் வேலைக்குப் போகாமல் காத்திருப்பார். நாட்கூலி வாங்கும் குடும்பத்துக்கு அது ஒரு நாள் வருமானம். பழுதுக்குக் கொடுக்கும் பணத்தைக் கணக்குப் பார்க்கிறோம். காத்திருந்து இழந்த பணத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதைத் தலைவிதி என்று விட்டுவிடக் கூடாது என்பதே என் கருத்து. இதை மாற்றத் தொடங்கக் கூடியவர்கள் வீட்டில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளாகிய நாம்தான்.

முதலில், நம் பெற்றோர் ஏன் ரசீது கேட்கத் தயங்குகிறார்கள் என்று பார்ப்போம். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கங்காணி முறையில் நம் முன்னோர் தமிழகக் கிராமங்களிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கு வந்தார்கள். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துத் தேயிலை நட்ட கைகளில் தமிழர் கைகளும் இருந்தன. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்றாகவே வந்தன. லயத்து வீட்டின் கூரை ஒழுகினால் கிராணியிடம் சொல்ல வேண்டும். கிராணி மேலே சொல்வார். தோட்டத்துத் தச்சர் ஒரு நாள் வருவார். தாமதமானாலும் வருவதற்கு ஓர் ஆள் இருந்தார். ஆனால், கேட்பவர் பணிவாகக் கேட்க வேண்டும். கோபப்படக் கூடாது. வேலை போனால் வீடும் போய்விடும்.

பிறகு குடும்பங்கள் தோட்டத்தை விட்டு வாடகை வீட்டுக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் வந்தன. தச்சரும் கிராணியும் கூட வரவில்லை. பணிவாகக் கேட்டுக் காத்திருக்கும் பழக்கம் மட்டும் கூடவே வந்தது. அதனால்தான் சொந்தப் பணத்தைக் கொடுத்து வேலை செய்யச் சொல்லும்போதுகூட, “அண்ணே, கொஞ்சம் தயவு பண்ணி வந்து பாருங்கண்ணே” என்று கேட்கிறோம். பழுது பார்ப்பது தயவல்ல. அது ஓர் ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தத்துக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 599, பொருள்களுக்கு மட்டுமல்லாமல் சேவைகளுக்கும் பொருந்தும். சேவை செய்பவர் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும். முடிக்கும் நாளைப் பேசிக்கொள்ளாவிட்டால், நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டும். விலை பேசாவிட்டால், நியாயமான விலைக்கு மேல் கொடுக்கப் பயனீட்டாளர் கட்டுப்பட்டவர் அல்லர். செய்த வேலையில் குறை இருந்து அதைச் சரி செய்யக்கூடியதாக இருந்தால், முதலில் அவரையே சரி செய்யச் சொல்லலாம். அவர் மறுத்தாலோ நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டாலோ, வேறொருவரை வைத்துச் சரி செய்து அந்தச் செலவை அவரிடம் கோரலாம்.

பேசிப் பார்த்தும் பயன் இல்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பிரச்சினை எழுந்த 3 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். பொதுவாக வழக்கறிஞர்கள் அங்கே வாதாட முடியாது. நாமே நம் வழக்கைச் சொல்லலாம். இணையம் வழியாகவும் மனுச் செய்யலாம். 150 ரிங்கிட் பழுதுக்கு நடுவர் மன்றம் வரை போக வேண்டுமா என்று கேட்கலாம். பெரும்பாலும் போக வேண்டியிருக்காது. போக முடியும் என்று நமக்குத் தெரிந்திருப்பதே பேச்சின் தொனியை மாற்றிவிடும்.

எங்கள் வீட்டுச் சலவை இயந்திரத்துக்கு ஒருவர் மூன்று முறை வந்தார். ஒவ்வொரு முறையும் ரொக்கம் வாங்கினார், ரசீது இல்லை. நான்காம் முறை தொலைபேசியை எடுக்கவில்லை. அடுத்து வேறொருவரை அழைத்தபோது, அவர் வருமுன் புலனத்தில் மலாய் மொழியில் நான்கு வரி அனுப்பினேன். என்ன பழுது, வந்து பார்க்க எவ்வளவு, பாகம் மாற்றினால் எவ்வளவு, எந்த நாள் முடியும் என்பதுதான் அந்த நான்கு வரி. அவரும் நான்கு வரியில் பதில் போட்டார். சொன்ன நாளுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார். ஆனால் வந்தார். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுத்தார், ரசீதும் எழுதிக் கொடுத்தார். இதில் பெரிய சாதனை எதுவும் இல்லை. எழுத்தில் இருந்ததை இருவராலும் மறக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பழுது பார்ப்பவரின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. மலைச் சாலையில் ஏறி வர எண்ணெய்ச் செலவு ஆகிறது. நெரிசலில் அரை நாள் போகிறது. வந்து பார்த்த பிறகு “வேண்டாம், புதுசு வாங்கிக்கிறோம்” என்று வெறுங்கையோடு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே வந்து பார்ப்பதற்கான கட்டணத்தை முன்பே பேசி, வேலை நடக்காவிட்டாலும் அதைக் கொடுத்துவிட வேண்டும். சாதனத்தின் மாடல் எண்ணைப் படம் பிடித்து முன்னதாக அனுப்பினால், சரியான பாகத்தோடு ஒரே நடையில் வருவார். மலிவாகவும் வேண்டும், உடனேயும் வேண்டும், உத்தரவாதமும் வேண்டும் என்று கேட்பது நியாயமாகாது.

பணத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அது உயிர். செலவை மிச்சப்படுத்த நாமே நீர்சூடேற்றியைத் திறந்து பார்ப்பதும், சான்றிதழ் இல்லாதவரிடம் வயரிங் வேலை கொடுப்பதும் ஆபத்து. மின்கம்பி வேலையை எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். நீர்சூடேற்றிக்கு 10 மில்லிஆம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி தேவை. உங்கள் வீட்டு மின்பெட்டியில் ‘டி’ என்ற எழுத்துள்ள சோதனைப் பொத்தான் இருக்கும். அவ்வப்போது அதை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் மின்சாரம் துண்டிக்கப்படாவிட்டால், அந்தக் கருவி உங்களைக் காப்பாற்றாது. உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

நம் கண்ணெதிரே இன்னொரு தலைமுறைக் குடியேறிகள் வாழ்கிறார்கள். தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளர்கள் இன்று செய்யும் வேலை, நேற்று நம் தாத்தா பாட்டி செய்த வேலை. அவர்களும் ஒழுகும் கூரையைப் பற்றிப் பணிவாகத்தான் சொல்கிறார்கள். 1990ஆம் ஆண்டுச் சட்டம் 446 தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுக்கிறது. தொடக்கத்தில் தோட்டங்களையும் சுரங்கங்களையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்ட அந்தச் சட்டம், 2020 ஜூன் 1 முதல் மற்றத் துறைகளுக்கும் விரிந்தது. தங்குமிடம் தரும் முதலாளிக்கு அதைப் பராமரிக்கும் கடமையும் உண்டு. புகாரைத் தொழிலாளர் இலாகாவிடம் கொடுக்கலாம். மலாய் எழுதத் தெரிந்த ஒரு மாணவர் தம் பக்கத்து வீட்டுத் தொழிலாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால், அது பாடப் புத்தகத்தில் இல்லாத நல்லதொரு நன்னெறிப் பாடம்.

படிக்கிற பிள்ளை மீது குடும்பத்தின் பொறுப்பைச் சுமத்தலாமா என்று சில ஆசிரியர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். விலையை முடிவு செய்வதும் பணம் கொடுப்பதும் அப்பா அம்மாவின் வேலையாகவே இருக்கட்டும். தேர்வு வாரத்தில் மெக்கானிக்கைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதும் இல்லை. ஆனால் நாம் மலாயும் ஆங்கிலமும் பள்ளியில் கற்பது தேர்வுத் தாளுக்கு மட்டும்தானா? உத்தரவாத அட்டையின் சிறிய எழுத்தைப் படித்து, அம்மாவுக்குத் தமிழில் சொல்லப் பத்து நிமிடம் போதும்.

எஸ்.பி.எம். முடித்து அடுத்து என்ன என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலையில் நல்ல பழுது பார்ப்பவர்களுக்குத் தட்டுப்பாடு இருக்கிறது என்றால், அந்தத் தட்டுப்பாட்டுக்குள் ஒரு தொழில் இருக்கிறது. மலேசியத் திறன் சான்றிதழ், வயர்மேன் சான்றிதழ், குளிர்சாதனத் தொழில்நுட்பம் ஆகியவை படிப்பு வராதவர்களுக்கான கடைசி வழி அல்ல. சொன்ன நேரத்துக்கு வந்து, ரசீது எழுதிக் கொடுக்கும் ஓர் இளைஞர் கியா பார்மிலிருந்து ரிங்லெட் வரை வேலைக்குக் குறைவில்லாமல் வாழ முடியும்.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாங்கிய நாள், மாடல் எண், உத்தரவாதம் முடியும் நாள், பழுது பார்த்தவர் பெயர், கொடுத்த தொகை ஆகியவற்றை எழுதுங்கள். ரசீதை அதே பக்கத்தில் ஒட்டுங்கள். மை மங்குமுன் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த பழுது வரும்போது உங்கள் அம்மா தயவு கேட்க வேண்டியிருக்காது. அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினால் போதும்.