கல்லாவை விட்டு எழுந்திருப்போம்



சில ஆண்டுகளாக நம் கடைகளுக்கு ஒரு புது வகை வாடிக்கையாளர் வருகிறார். மாதச் சீட்டில் அரிசி, சர்க்கரை, மைதாவை அடித்துவிட்டு, பாதாம் 3 கிலோ, நெய், செக்குத் தேங்காய் எண்ணெய் என்று எழுதிக் கொடுக்கிறார். காரணம் கேட்டால் "பேலியோ" என்கிறார். காலையில் பத்திருபது பேர் சேர்ந்து செய்யும் கடுமையான உடற்பயிற்சிக்கும் போகிறாராம். நம் கடைத்தெருப் பிள்ளைகளிலும் சிலர் இதில் சேர்ந்திருக்கிறார்கள்.

இதைக் கண்டு நம்மில் ஒரு சாரார் சிரிக்கிறார்கள். இன்னொரு சாரார், அரிசி பருப்பு வியாபாரம் என்னாகுமோ என்று கவலைப்படுகிறார்கள். இரண்டும் வேண்டியதில்லை. வந்த சரக்கைத் தரம் பார்த்துப் பிரிப்பது போல இதையும் பிரித்து, நல்லதை இறக்கிக்கொண்டு மற்றதைத் திருப்பிவிடலாம் என்பதே நமது கருத்து.

இவை இரண்டும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. கிரெக் கிளாஸ்மன், லாரன் ஜெனாய் இருவரும் 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் தொடங்கிய கிராஸ்ஃபிட் என்ற நிறுவனம், கூட்டாகச் செய்யும் கடும் பயிற்சியை உலகெங்கும் பரப்பியது. ஒரு பயிற்சியாளர், ஒரு கடிகாரம், ஒரு குழு. பளு தூக்குதல், உட்கார்ந்து எழுதல், கயிறு ஏறுதல், மணல் மூட்டை சுமத்தல் என்று குறைந்த நேரத்தில் முழு வேகத்தில் செய்வார்கள்.

உணவு முறைக்கு வித்திட்டது, பாய்ட் ஈட்டன், மெல்வின் கானர் இருவரும் 1985இல் ஒரு மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை. 2002இல் லோரன் கார்டெய்ன் எழுதிய நூல் அதைப் பிரபலமாக்கியது. விவசாயம் வந்து சுமார் 10,000 ஆண்டுகளே ஆகின்றன, மனித உடல் அதற்குப் பழகவில்லை, ஆகவே தானியம், பருப்பு, பால், சர்க்கரை வேண்டாம் என்பது அதன் வாதம். நம் ஊருக்கு வந்தபோது நெய்யும் பனீரும் அதில் சேர்ந்துகொண்டன.

இனி நம் நிலைமையைப் பார்ப்போம். காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு கடை அடைக்கும்வரை எழுந்திருப்பதில்லை. நம் கண்ணெதிரே சுமை தூக்கும் தோழர்கள் மூட்டை இறக்குகிறார்கள். நாம் எண்ணிக்கை மட்டும் எழுதுகிறோம். நாளொன்றுக்கு 6 டீ, ஒவ்வொன்றிலும் 2 கரண்டி சர்க்கரை என்றால் 60 கிராம் ஆகிறது. மாதம் 1.8 கிலோ, வருடத்துக்கு ஏறக்குறைய 22 கிலோ. 50 கிலோ மூட்டையில் பாதிக்குச் சற்றே குறைவு, ஒரே ஆள் டீயில் மட்டும் குடித்தது! சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு சுமார் 50 கிராமுக்கு மேல் போகக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் மிக நல்லது என்பது 2015இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. கடைத்தெருவில் எத்தனை பேர் சட்டைப் பையில் மாத்திரை வைத்திருக்கிறார்கள் என்பதை நாமே அறிவோம்.

ஆகவே முதலில் இறக்கிக்கொள்ள வேண்டிய சரக்கு, கூட்டுப் பயிற்சி. ஏலச்சீட்டில் சேர்ந்தவர் தவணை தவறுவதில்லை; தனியே உண்டியலில் போடுகிறவர் பாதியில் விட்டுவிடுகிறார். உடற்பயிற்சியும் அப்படித்தான். தனியாக நடக்கப் போகிறவர் மழை, சரக்கு லாரி என்று ஒரு காரணம் சொல்லி நின்றுவிடுவார். பத்துப் பேர் காத்திருக்கும் இடத்துக்குப் போகாமலிருக்க முடியாது. ஒரு நாள் வராவிட்டால் "ஏன் அண்ணாச்சி வரவில்லை?" என்று கேட்க ஆள் இருக்கிறது.

ஆனால் வேகத்தையும் பளுவையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மூட்டை தூக்குகிறவர் பல வருடம் பழகி முதுகைக் காத்துக்கொள்ளத் தெரிந்தவர். முப்பது வருடம் உட்கார்ந்தே இருந்தவர் கடிகாரத்தோடு போட்டி போட்டால் முதுகும் முழங்காலும் போகும். பழக்கமில்லாத உடலை அளவு மீறி வருத்தினால் தசை சிதைந்து, சிறுநீரகமே பழுதாகும் ஆபத்தும் உண்டு. நெஞ்சுவலி, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே கூடாது.

உணவிலும் பாதி நல்ல சரக்கு. சர்க்கரை, மைதா, எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தி, காய்கறியைக் கூட்டினால் யாருக்கும் நன்மைதான். தானியமும் பருப்பும் மூதாதையர் அறியாதவை என்பதைத்தான் திருப்பி அனுப்ப வேண்டும். இஸ்ரேலில் ஓஹாலோ என்னும் இடத்தில், சுமார் 23,000 ஆண்டுகளுக்கு முந்திய குடியிருப்பில் காட்டு பார்லி மணிகளும் அதை அரைத்த கல்லும் கிடைத்திருக்கின்றன. நம் சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது.

அரிசி விற்கிறவர்கள் என்பதால் இப்படிச் சொல்கிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம்மவர் உண்ணும் உணவில் 62 சதவீதச் சக்தி மாவுச்சத்திலிருந்தே வருகிறது, அது மிக அதிகம் என்று 2025இல் வெளியான அதே கழகத்தின் ஆய்வு கூறியது. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைக் குறைத்து, பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தைக் கூட்டுவோருக்குச் சர்க்கரை நோய் வாய்ப்பு குறைவு என்றும் அது கண்டது. ஆகவே தட்டில் சோறு குறையட்டும். பருப்பும் சுண்டலும் கூடட்டும். இதில் நமக்கு நஷ்டமொன்றும் இல்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் ஒரே நாளில் சோற்றை நிறுத்தினால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். மருந்தின் அளவை மருத்துவர் மாற்றித் தந்த பிறகே உணவை மாற்ற வேண்டும். கடைக்கு வருகிறவரிடமும் இதைச் சொல்வது நம் கடமை. பாதாம் நன்றாகப் போகிறதே என்று "சர்க்கரை நோய் தீரும்" என அட்டை எழுதி வைக்காதீர்கள். தனி அனுமதி இல்லாமல் உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகள் தடை செய்கின்றன. சட்டம் ஒருபுறமிருக்க, நம் சொல்லை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் அந்தப் பாவம் யாருக்கு?

சங்கத்தின் செயற்குழு முன் நாம் வைக்கும் கோரிக்கை இதுதான். சங்கக் கட்டடத்தின் கூடம் காலையில் பூட்டித்தான் கிடக்கிறது. தினமும் 5.30 முதல் 6.15 வரை அதைத் திறந்துவிட வேண்டும். முதல் நாள் எல்லோருக்கும் ரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனை. பிறகு தகுதியுள்ள ஒரு பயிற்சியாளரைக் கொண்டு நடை, நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டால் என்று சிறிதாகத் தொடங்கலாம். முதலாளிகள் மட்டுமல்ல, கடைப் பையன்களும் கணக்குப்பிள்ளைகளும் வரட்டும். மாதக் கூட்டத்தில் கொடுக்கும் லட்டு, மிக்சர் பொட்டலத்துக்குப் பதிலாகச் சுண்டல் கொடுக்கலாம்.

கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்த பிறகும் கூட இருந்து வழிகாட்ட உடம்பு வேண்டுமல்லவா? வரும் கூட்டத்திலேயே இதற்கொரு முடிவு காண்போம்.